பிள்ளை இல்லையா? கணவனுக்கும் பரிசோதனை வேண்டும்!

பழி முழுவதும் மனைவி மீது. ஆனால் பாதிக் குடும்பங்களில் கணவனிடமும் குறை! டாக்டர்கள் சொல்லும் காரணங்களும், சிகிச்சை வழிகளும்.

கல்யாணமாகி ஓர் ஆண்டு ஆகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

"என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?"

மருமகளிடம்தான் இந்தக் கேள்வி. மகனிடம் யாரும் கேட்பதில்லை.

இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று போனால் கேள்வி ஏச்சாக மாறுகிறது. விரதம் இருப்பவள் மனைவி. அரச மரத்தைச் சுற்றுபவள் மனைவி. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளும் மனைவியே.

"மலடி" என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். "மலடன்" என்ற சொல்லும் தமிழில் உண்டு. அதைத் தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பிள்ளை இல்லாத தம்பதிகளை டாக்டர்கள் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிக் குடும்பங்களில் கணவனிடமும் குறை இருப்பது தெரிய வருகிறது. சில குடும்பங்களில் குறை கணவனிடம் மட்டுமே இருக்கிறது. சில குடும்பங்களில் இருவரிடமும் இருக்கிறது.

அப்படியிருக்க, ஒருவரை மட்டும் பரிசோதித்தால் உண்மை எப்படித் தெரியும்?

உலகம் முழுவதும் உள்ள கவலை

இது நம் ஊரில் மட்டும் உள்ள கவலை என்று நினைக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகில் 6 பேருக்கு ஒருவர், வாழ்நாளில் ஏதாவது ஒரு சமயம் பிள்ளை பிறக்காத குறையை அனுபவிக்கிறார் என்பது அந்தக் கணக்கு. பணக்கார நாடு, ஏழை நாடு என்று பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

2025-ம் ஆண்டு நவம்பரில் அதே நிறுவனம், குழந்தையின்மைக்கு என்றே தன் முதல் வழிகாட்டி நூலை வெளியிட்டது. குறையைத் தடுப்பது, கண்டுபிடிப்பது, சிகிச்சை செய்வது பற்றி 40 யோசனைகள் அதில் உள்ளன.

உலக டாக்டர்கள் இதை ஒரு நோய் என்றே கருதுகிறார்கள். பாவம், சாபம் என்று அவர்கள் சொல்வதில்லை.

எப்போது டாக்டரிடம் போவது?

கணவனும் மனைவியும் கருத்தடை எதுவும் இல்லாமல் ஒன்றாக வாழ்ந்தால், 100 தம்பதிகளில் 80-க்கு மேற்பட்டவர்களுக்கு ஓர் ஆண்டுக்குள் கரு உண்டாகிவிடும். ஓர் ஆண்டு ஆகியும் கரு உண்டாகவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

மனைவிக்கு 35 வயதுக்கு மேல் ஆகியிருந்தால் ஆறு மாதத்திலேயே போவது நல்லது. வயது ஏற ஏறப் பெண்ணின் சினை முட்டைகள் குறைந்துகொண்டே போகும். போன காலம் திரும்பி வராது.

கணவனுக்குச் சிறு வயதில் விதையில் ஆபரேஷன் நடந்திருந்தாலும், அடிபட்டிருந்தாலும், புற்றுநோய்ச் சிகிச்சை நடந்திருந்தாலும் ஓர் ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை.

போகும்போது இருவரும் சேர்ந்தே போக வேண்டும். இதுதான் முக்கியம்.

ஆண்மை வேறு, விந்தணு வேறு

கணவன்மார் ஏன் தயங்குகிறார்கள்?

"எனக்கா குறை? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்!" என்கிறார்கள். பரிசோதனைக்குப் போனால் ஆண்மைக்கே இழுக்கு என்று எண்ணுகிறார்கள்.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. தாம்பத்தியத்தில் ஈடுபடும் சக்தி வேறு. விந்தில் உயிர் அணுக்கள் இருப்பது வேறு.

கட்டுமஸ்தான உடம்பு இருக்கலாம். மீசை இருக்கலாம். தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். விந்தும் வழக்கம் போல வெளிப்படலாம். ஆனாலும் அந்த விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சட்டமும் இந்த வித்தியாசத்தை அறிந்திருக்கிறது. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, ஆண்மையின்மையால் தாம்பத்தியமே நடக்கவில்லை என்றால் திருமணத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம். பிள்ளை பிறக்கவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. மனைவி உயிரோடு இருக்கையில், விவாகரத்து பெறாமல் இன்னொரு கல்யாணம் செய்துகொள்வதும் குற்றம்.

"வம்சம் வேண்டும்" என்று இரண்டாவது பெண்ணைத் தேடுகிற பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். குறை மகனிடம் இருந்தால், இரண்டாவது மருமகளும் என்ன செய்வாள்?

உடம்புக்குள் நடப்பது என்ன?

1677-ம் ஆண்டில் ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த லீவன்ஹுக் என்பவர், தாமே செய்த பூதக்கண்ணாடி வழியாக விந்தைப் பார்த்தார். வால் முளைத்த சின்னஞ்சிறு அணுக்கள் நெளிந்து ஓடுவதைக் கண்டார். விந்தணுவைப் பற்றிய விஞ்ஞானம் அங்கே தொடங்கியது.

விந்தணுக்கள் விதைகளில் உற்பத்தியாகின்றன. ஓர் அணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். பிறகு மெல்லிய குழாய்கள் வழியாகச் சென்று, மற்ற சுரப்பிகளின் நீரோடு கலந்து விந்தாக வெளியே வருகிறது.

விதைகள் உடம்புக்கு வெளியே தொங்கும் பையில் இருப்பதற்கும் காரணம் உண்டு. அணு உற்பத்திக்கு உடம்பின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூடு வேண்டும். சூடு கூடினால் உற்பத்தி குறையும்.

விதை தானாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவு ஹார்மோன் உருவில் ரத்தத்தில் கலந்து வருகிறது.

ஆகவே குறை மூன்று இடங்களில் ஏற்படலாம். உத்தரவு வராமல் போகலாம். உற்பத்தி நடக்காமல் போகலாம். வரும் வழி அடைபட்டுப் போகலாம். எந்த இடம் என்று கண்டுபிடித்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

சுலபமான பரிசோதனை

மனைவிக்குச் செய்யும் பரிசோதனைகளை எண்ணிப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைப் பார்க்க மருந்து செலுத்தி எக்ஸ்ரே, சில சமயம் மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் குழாய் விட்டுப் பார்ப்பது. வலியும் உண்டு, செலவும் உண்டு.

கணவனுக்கு முதலில் செய்வது விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை தாம்பத்தியம் கூடாது. சோதனைக்கூடத்தில் தனி அறை கொடுப்பார்கள். அங்கேயே ஒரு சுத்தமான டப்பாவில் விந்தைச் சேகரித்துத் தர வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைப் பரிசோதிக்கத் தொடங்குவார்கள்.

சீட்டில் வரும் எண்களுக்கு அர்த்தம் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டில் உள்ள அளவுகள் இவை:

விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் அணுக்கள் 1 கோடியே 60 லட்சம். மொத்த விந்திலும் சேர்த்து 3 கோடியே 90 லட்சம். நூற்றுக்கு 42 அணுக்கள் அசைய வேண்டும். அவற்றில் 30 ஆவது முன்னோக்கி நீந்த வேண்டும். நூற்றுக்கு 4 நல்ல வடிவத்தில் இருந்தால் போதும்.

"நூற்றுக்கு 4 தானா?" என்று பயப்பட வேண்டாம். பிள்ளை பெற்ற ஆண்களிடம் அளந்து பார்த்து எழுதிய கணக்கு இது. அப்பா ஆனவர்களிலும் 100-க்கு 5 பேர் ஒவ்வோர் அளவிலும் இந்த எண்ணுக்குக் கீழே இருந்தார்கள். அதனால் எண் கொஞ்சம் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தம் இல்லை.

ஒரே ஒரு சீட்டைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால் இரண்டு மூன்று மாதம் வரை எண்ணிக்கை குறைந்திருக்கும். முதல் சீட்டில் குறை இருந்தால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். டாக்டர் உடம்பையும் நேரில் பரிசோதிக்க வேண்டும். தேவையானால் ஹார்மோன் பரிசோதனையும் செய்வார்.

காரணங்கள் என்ன?

நரம்புச் சுருட்டு: விதைப்பையில் உள்ள ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்வது உண்டு. "வெரிகோசீல்" என்பது டாக்டர்கள் சொல்லும் பெயர். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பலருக்குப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் பிள்ளை இல்லை என்று வரும் ஆண்களை எடுத்துக்கொண்டால், 100-க்கு 35 முதல் 40 பேரிடம் இது காணப்படுகிறது. ஆபரேஷனால் சரிசெய்யக் கூடிய காரணங்களில் முதன்மையானது இதுதான்.

விதை இறங்காமை: ஆண் குழந்தை பிறக்கும்போது விதைகள் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அடிவயிற்றிலேயே நின்றுவிடும். ஆறு மாதம் ஆகியும் இறங்காவிட்டால் தாமதம் கூடாது. ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் பிள்ளைக் குறை வரலாம். விதையில் புற்றுநோய் வரும் அபாயமும் கூடும். தாய்மார்கள் குழந்தையைக் குளிப்பாட்டும்போதே கவனிக்கலாம்.

பொன்னுக்கு வீங்கி: சிறுவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் கன்னம் வீங்கி, வற்றிப் போகும். வயது வந்த ஆண்களுக்கு வந்தால் சிலருக்கு விதையும் வீங்கும். வீங்கிய விதை பிறகு சுருங்கிப் போகலாம். இதற்குத் தடுப்பு ஊசி இருக்கிறது.

வெட்டை போன்ற மேக நோய்கள்: விந்து வரும் குழாயில் புண் உண்டாக்கி, ஆறும்போது அடைத்துவிடும். ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் தப்பலாம்.

சர்க்கரை நோய்: நரம்புகள் கெட்டுவிட்டால், விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சென்று மூத்திரப் பையில் விழும். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க இதுவும் ஒரு காரணம்.

பிறவிக் கோளாறு: சிலருக்கு மரபு அணுக்களிலேயே மாற்றம் இருக்கும். சிலருக்கு விந்துக் குழாயே பிறவியில் இல்லாமல் இருக்கும். இதற்கு அவர்களோ பெற்றோர்களோ பொறுப்பல்ல.

புகை, மது, பருமன்: சிகரெட், பீடி, அளவு மீறிய குடி, அளவு மீறிய உடல் பருமன் ஆகியவை அணுக்களின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் கெடுக்கின்றன. உலை, சூளை, அடுப்பு முன்னால் நெடுநேரம் வேலை செய்பவர்களுக்குச் சூடும் ஒரு காரணமாகலாம்.

புஜபல ஊசி: வாலிபர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உடம்பை முறுக்கேற்ற "டெஸ்டோஸ்டிரோன்" ஊசியும் "ஸ்டீராய்டு" மாத்திரையும் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். ஆண் ஹார்மோன் என்பதால் ஆண் தன்மை கூடும் என்று எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு! வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைக் கண்டதும் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடுகிறது. அணு உற்பத்தி அடியோடு நின்றுபோகலாம். ஊசியை நிறுத்திய பிறகு திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும்.

எவ்வளவு ஆராய்ந்தும் காரணம் தெரியாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

தொழிலாளர்கள் கண்டுபிடித்த விஷம்

செய்யும் வேலையே பிள்ளைக் குறைக்குக் காரணமாகுமா? ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லாத்ரோப் என்ற ஊர். அங்கே பூச்சி மருந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. 1977-ம் ஆண்டில் அங்கே வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மருந்துப் பிரிவில் வேலைக்கு வந்த பிறகு பலருக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள்.

ஒருவருக்கு என்றால் தலைவிதி எனலாம். இத்தனை பேருக்கா?

பரிசோதனை நடந்தது. பலருடைய விந்தில் அணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. சிலரிடம் ஒன்றுகூட இல்லை. மண்ணில் உள்ள நுண்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்துதான் காரணம் என்று தெரிந்தது. 1979-ல் அமெரிக்க அரசாங்கம் அந்த மருந்தைப் பெரும்பாலும் தடை செய்தது.

ஆனால் மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டங்களுக்கு இந்த மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கோர்ட்டுகளில் வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன.

இந்தச் சம்பவத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வயலில் மருந்து தெளிப்பவர்கள் வெறும் உடம்போடு தெளிக்கக் கூடாது. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை வேண்டும். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

எண்ணிக்கை குறைந்து வருகிறதா?

"ஆண்களின் விந்தணு பாதியாகிவிட்டது!" என்று செய்திகள் வருகின்றன. உண்மையா?

2017-ம் ஆண்டில் ஒரு விஞ்ஞானிகள் குழு பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டது. 1973-க்கும் 2011-க்கும் இடையில், மேலை நாட்டு ஆண்களின் விந்தணு எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்ததாக அது கூறியது. 2022-ல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் குறைவே தெரிந்தது.

வேறு விஞ்ஞானிகள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் எண்ணிய முறை வேறு, இப்போது எண்ணும் முறை வேறு என்கிறார்கள். விவாதம் இன்னும் நடக்கிறது.

விவாதம் எப்படி முடிந்தாலும் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது உலகச் சராசரி அல்ல. தன் வீட்டுக் கணவனின் பரிசோதனைச் சீட்டுதான்.

லேகியம் உதவுமா?

டாக்டரிடம் போக வெட்கம். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து லேகியம் வாங்க வெட்கம் இல்லை! சிட்டுக்குருவி லேகியம், தங்க பஸ்பம் என்று பணம் கரைகிறது. லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர் நாடியைப் பிடித்துவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுகிறார்.

குழாய் அடைத்திருந்தால் எந்த லேகியம் அதைத் திறக்கும்? மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் அணு எத்தனை என்று எப்படித் தெரியும்?

இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-ம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் வந்தது. இன்னின்ன நோயைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என ஒரு பட்டியல் போட்டார்கள். 54 இனங்கள். அதில் "ஆண்மையின்மை" இருக்கிறது. "பெண்களின் மலட்டுத்தன்மை" இருக்கிறது. ஆணின் மலட்டுத்தன்மை என்று தனியாக ஒன்று இல்லை!

சட்டம் எழுதியவர்களுக்கும் அன்று அந்த நினைப்பு வரவில்லை போலும்.

சிகிச்சைகள் எவை?

காரணத்துக்குத் தக்கபடி சிகிச்சை மாறும்.

உத்தரவு வராத குறைக்கு ஹார்மோன் ஊசி இருக்கிறது. சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேல்கூடப் போட வேண்டியிருக்கும். இதில் நல்ல பலன் கிடைப்பதுண்டு. முன்பு சொன்ன புஜபல ஊசி வேறு, இது வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்தபடியே போட வேண்டும்.

நரம்புச் சுருட்டு கையால் தொட்டால் தெரியும் அளவுக்கு இருந்து, விந்துச் சீட்டிலும் குறை இருந்தால் ஆபரேஷன் செய்யலாம். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். குழாய் அடைப்பைச் சிலருக்கு நுண்ணிய ஆபரேஷனால் திறக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் குழாயை மறுபடி இணைக்க முடியும். ஆண்டுகள் அதிகமானால் பலன் குறையும்.

புகை, குடி, ஊசி ஆகியவற்றை விட்டுவிட்டு, உடம்பைக் குறைத்தால் எண்ணிக்கை உயரலாம். ஓர் அணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது அல்லவா? ஆகவே மூன்று மாதமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் பல விற்கின்றன. அவற்றின் பலனுக்கு உறுதியான சான்று குறைவு.

அணுக்கள் கொஞ்சம் குறைவாக இருந்தால், நல்ல அணுக்களைப் பிரித்து எடுத்து மனைவியின் கருப்பைக்குள் செலுத்துவார்கள். இதற்கு ஆபரேஷன் தேவையில்லை.

சோதனைக்குழாய் முறை

1978-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்தது. முட்டையையும் விந்தணுவையும் வெளியே ஒரு கிண்ணத்தில் சேர்த்துக் கருவாக்கி, தாயின் கருப்பையில் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அன்று அவரை அதிகாரிகள் நம்பவில்லை. அவர் 1981-ல் தற்கொலை செய்துகொண்டார். அவர் செய்தது உண்மைதான் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகே ஒப்புக்கொண்டார்கள். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையைப் பிறக்கச் செய்தார்.

ஆனால் அந்த முறையிலும் கிண்ணத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள் வேண்டும். மிகக் குறைந்த அணுக்கள் உள்ளவர்களுக்கு அது போதவில்லை.

1992-ல் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து புதிய செய்தி வந்தது. ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியில் எடுத்து, முட்டைக்குள் நேராகச் செலுத்தினார்கள். குழந்தை பிறந்தது! இதன் பெயர் "இக்ஸி". விந்தில் அணுவே இல்லாத சிலருக்கும் விதைக்குள்ளிருந்தே அணுவைத் தேடி எடுத்து இந்த முறையைச் செய்கிறார்கள். பிள்ளையே கிடையாது என்று கைவிடப்பட்ட பலர் அப்பா ஆனது இதனால்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. குறை கணவனுடையது. ஆனால் இந்த முறையில் நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்பவள் மனைவி. மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுப்பதும் அவளிடமிருந்துதான். ஒவ்வொரு தடவையும் கருத் தங்கும் என்ற உறுதியும் இல்லை. மனைவியின் வயது கூடக் கூட வாய்ப்பு குறையும். செலவோ லட்சக்கணக்கில் ஆகும்.

கணவனுக்குச் சின்ன ஆபரேஷனிலோ மருந்திலோ சரியாகக் கூடிய குறை இருக்கலாம். அதைப் பார்க்காமல் நேரே இந்த முறைக்குப் போனால், அவள் உடம்பும் வீட்டுப் பணமும் வீணாகின்றன. கணவனின் பரிசோதனையை முதலிலேயே முடிப்பது அதற்காகத்தான்.

சட்டம் தரும் பாதுகாப்பு

இன்று ஊருக்கு ஊர் கருத்தரிப்பு மையங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

இந்திய அரசாங்கம் 2021-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2022-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரிடமும் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். பெண்ணுக்கு 21 வயது நிரம்பி, 50-க்குள் இருக்க வேண்டும். ஆணுக்கு 21 நிரம்பி, 55-க்குள் இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது குற்றம்.

கணவனிடம் அணு அறவே இல்லை என்றால், வேறொருவர் தானமாகத் தந்த விந்தணுவைப் பெறலாம். அதையும் பதிவு பெற்ற வங்கி மூலம்தான் பெற வேண்டும். தானம் தந்தவருக்குக் குழந்தை மீது எந்த உரிமையும் கிடையாது. அந்தக் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை. சொத்துரிமை உட்பட எல்லா உரிமையும் உண்டு. கணவனின் மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

தத்து எடுப்பதும் ஒரு வழி. அதையும் சட்டப்படியே செய்ய வேண்டும்.

மையத்துக்குப் போகும்போது இவற்றைக் கேளுங்கள்: பதிவு எண் என்ன? கணவனிடம் உள்ள குறைக்குக் காரணம் என்ன? அதைச் சரிசெய்ய வேறு வழி உண்டா? எங்கள் வயதுக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவு? மொத்தச் செலவு எவ்வளவு? பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் விசாரியுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப் போகும் வாலிபர்கள் இன்னொன்றும் செய்யலாம். சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்கலாம். பல ஆண்டுகள் கழித்தும் அது பயன்படும்.

வெட்கப்பட என்ன இருக்கிறது?

கண்ணில் குறை என்றால் கண்ணாடி போடுகிறோம். பல்லில் குறை என்றால் பல் டாக்டரிடம் போகிறோம். விதையும் உடம்பின் ஓர் உறுப்புத்தான்.

விந்துக் குறை சில சமயம் வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கும். ஹார்மோன் கோளாறு, விதையில் கட்டி போன்றவை இந்தப் பரிசோதனையின்போதே வெளிப்பட்டு, உயிர் தப்பியவர்களும் உண்டு.

மாமியார்களே! மருமகளை ஏசுவதற்கு முன் மகனை அழைத்து, "நீயும் ஒரு தடவை காட்டிவிட்டு வாப்பா" என்று சொல்லுங்கள். உங்கள் வார்த்தையை அவன் தட்ட மாட்டான்.

கணவன்மார்களே! சீட்டில் குறை இருந்தால் அதை மறைத்துவிட்டு, மனைவியை ஊசி மேல் ஊசி போட்டுக்கொள்ள விடாதீர்கள். உங்கள் ஒருவருடைய மௌனத்தால் அவள் ஊரார் ஏச்சைக் கேட்கிறாள். அவளுடைய பிள்ளை பெறும் வயதும் கழிந்துகொண்டிருக்கிறது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு பெயரில் சீட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் பெயர் கணவனுடையதாக இருக்கட்டும்!